எக்ஸ் அக்காவின் எட்டு லிட்டர் உப்புத் தண்ணீர்

கலந்து வைத்த எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைக்காத ஒரே ஜீவன் இந்த உலகத்தில் எக்ஸ் அக்காதான் என்று அடித்துச் சொல்வேன். எத்தனை பங்கு தயிர் என்று தெரியாமல் மோர் குடிக்க மாட்டார். எத்தனை பங்கு எசன்ஸ் என்று தெரியாமல் சர்பத் குடிக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பெண்களெல்லாம் சில்வர் பீச்சுக்குப் போனோம். நாங்கள் கால் நனைத்து, செல்ஃபி எடுத்து, சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அவர் மட்டும் இடுப்பில் கை வைத்தபடி வங்காள விரிகுடாவை முறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னாக்கா?" என்றேன்.

"கடல்ல மூணரை பர்சென்ட் உப்பு. அந்தாண்ட கெடிலம் ஆறு வந்து சேருது பாரு, அதுல உப்பே இல்லன்னு வச்சுக்க. ரெண்டும் சேர்ற எடத்துல எவ்ளோ இருக்கும்?"

"தெரியலக்கா."

"தெரியாமதான் எல்லாரும் கால நனைக்கிறாங்க" என்றார், உலகத்துக்காக வருத்தப்பட்டு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது. மற்றவர்களுக்கு அவர் எக்ஸ் அக்கா. எந்தப் பேச்சையும் "எக்ஸ்னு வச்சுக்க" என்றுதான் ஆரம்பிப்பார். துணி காய எக்ஸ் மணி நேரம். பஸ் வர எக்ஸ் நிமிஷம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விவரம் தெரியாமல் "உங்களுக்கு என்னா வயசுக்கா?" என்று கேட்டுவிட்டாள். "எக்ஸ்னு வச்சுக்க" என்றார். அல்ஜீப்ராவால் பெண்களுக்கு இப்படியும் ஒரு வசதி உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் அது. நான் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். அக்கா பக்கத்துத் தெருவில், வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் பயிற்சி கொடுக்கும் சென்டரில் கணக்கு டீச்சர். அங்கே ரயில் கணக்குக்கு ஒரு சார், வயசுக் கணக்குக்கு ஒரு சார், ஆள்-வேலைக் கணக்குக்கு ஒரு சார். கலவைக் கணக்கு மட்டும் அக்காவுடையது. வேறு யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அக்கா விட மாட்டார்.

கலவைக் கணக்கு என்றால் என்ன என்று மறந்துபோனவர்களுக்காக, அக்காவுக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பாத்திரத்தில் பத்து சதவீத உப்புத் தண்ணீர். இன்னொன்றில் முப்பது சதவீத உப்புத் தண்ணீர். இரண்டையும் கலந்து இருபத்தைந்து சதவீதத்தில் எட்டு லிட்டர் வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பது?

நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அக்கா கற்பூரத் தட்டு எதிரே வந்ததுபோல் கண்ணை மூடிக்கொள்வார். "மொதல் பாத்திரத்துல எக்ஸ் லிட்டர்னு வச்சுக்க. அப்ப ரெண்டாவதுல எட்டு மைனஸ் எக்ஸ். அதுல உள்ள உப்பையும் இதுல உள்ள உப்பையும் கூட்டினா, எட்டு லிட்டர்ல இருக்க வேண்டிய உப்பு வரணும். அவ்ளோதான்டி!" முதல் பாத்திரத்தில் இரண்டு லிட்டர், அடுத்ததில் ஆறு. விடை வந்ததும் கண்ணைத் திறப்பார். முகம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

"இதுல அப்டி என்னாக்கா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரயில் கணக்குல ரயிலு போயிடும். வேலக் கணக்குல ஒருத்தன் பாதியில வுட்டுட்டு ஓடிடுவான். வயசுக் கணக்குல அப்பனுக்கு வயசாயிடும். இதுல மட்டும்தான்டி போட்டது எங்கயும் போவாது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா உள்ளயேதான் இருக்கும்."

குளித்துவிட்டு வந்ததுபோல் என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றால் யாரும் குளிக்க முடியாது. நான் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில், மார்கழிக் குளிரில், வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அக்கா வழிமறித்தார்.

"பச்சத்தண்ணி எவ்ளோ கலக்கப் போற?"

"சும்மா குத்துமதிப்பாக்கா."

'குத்துமதிப்பு' என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். "இரு" என்றார். ஈர விரலால் குளியலறைக் கதவில் எழுத ஆரம்பித்தார். வெந்நீர் எண்பது டிகிரி, பச்சைத் தண்ணீர் முப்பது, உடம்புக்கு இதமாக நாற்பது. நான் தோளில் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். மேல் வரி காய்ந்து மறைய, மறுபடி எழுத, கீழ் வரி காய, கடைசியில் வெற்றியோடு திரும்பினார். "ஒரு மக் வெந்நிக்கு நாலு மக் பச்சத்தண்ணி!"

வாளியில் கை வைத்துப் பார்த்தேன். "அக்கா, இது ஆறியே போச்சு."

"ஆறுறதுக்கு வேற ஃபார்முலா இருக்கு" என்றார், சற்றும் கலங்காமல். "அது என் சப்ஜெக்ட் இல்ல."

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த பாய் இவரால் பட்ட பாடு தனி. அக்கா ஒரு லைட் டீயும் ஒரு ஸ்ட்ராங் டீயும் சொல்வார். இரண்டும் வந்ததும் அதை இதில் ஊற்றி, இதை அதில் ஊற்றி, இரண்டு டம்ளரையும் ஒரே நிறமாக்கி, ஒன்றை என்னிடம் நீட்டுவார்.

"ஏன் தங்கச்சி, மீடியம்னு சொன்னா நானே ரெண்டு போட்டுக் குடுக்க மாட்டேனா?" என்று பாய் கேட்டார்.

"நீங்க போடுற மீடியம் நடுவுல இல்ல பாய். லைட்டுப் பக்கமா சாயுது."

"யா அல்லா! பாய்லர் சாஞ்சு பாத்துருக்கேன், டம்ளர் சாஞ்சு பாத்துருக்கேன். டீ எங்கயாவது சாயுமா?"

ஆனால் மறுநாள் நாங்கள் போனபோது, பாய் தன் மீடியம் டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் பழகினால் அப்படித்தான். தொற்றிக்கொள்ளும்.

இதெல்லாம் வெளியே நடந்தவரை வம்பில்லை. ஹாஸ்டல் சாம்பாரில் கை வைத்ததும்தான் விவகாரம் முற்றியது.

எங்கள் மேட்ரன் அம்மா மோசமானவர் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு சொம்பு இருக்கும். காலையில் இட்லிக்கு வந்த சாம்பாரே மதியம் சோற்றுக்கும் வரும். நடுவில் அந்தச் சொம்பு ஏதோ செய்திருக்கும். எங்களுக்கெல்லாம் இது ஒரு மாதிரி தெரியும், ஒரு மாதிரி தெரியாது. அக்கா ஒருநாள் முதல் கவளத்தை வாயில் வைத்து, நாக்கைச் சுழற்றி, சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"காலைல பன்னெண்டு பர்சென்ட் பருப்பு. இப்ப ஆறு. சாம்பார் எவ்ளோ இருந்துச்சோ அதே அளவு தண்ணி ஊத்தியிருக்கு."

மேட்ரன் அம்மாவின் கையில் சொம்பு நின்றது.

அன்றிலிருந்து பெண்கள் தட்டை எடுக்கும் முன் "அக்கா, இன்னிக்கு எத்தன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வானிலை அறிக்கை மாதிரி அக்கா சொல்வார். "ஏழு. நேத்தைக்கு பரவால்ல." ஏழுக்குக் கீழே போனால் பெண்கள் ரசத்துக்குத் தாவிவிடுவார்கள். மேட்ரன் அம்மா ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் வந்தது பதிலடி. கரண்டியைச் செங்குத்தாக நட்டால் நிற்கும்படி ஒரு சாம்பார். அதை ஊற்ற முடியவில்லை. தட்டில் வைத்தார்கள்.

"சாப்புடுங்கடி! எவ பர்சென்ட் கேக்குறான்னு நானும் பாக்குறேன்!"

அக்கா தொட்டுப் பார்த்தார். "முப்பது" என்றார் மரியாதையோடு. பிறகு பக்கத்தில் இருந்த ரசத்தை நக்கிப் பார்த்தார். "ரெண்டு." கண்ணை மூடினார். திறந்தார். "ஒரு கரண்டி சாம்பாருக்கு ஒரு கரண்டி ரசம். பதினாறு பர்சென்ட் வரும். தூள் கெளப்பும்!"

கூடம் முழுக்கக் கலக்கல் சத்தம். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஹாஸ்டலில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு அதுதான். எல்லோரும் இரண்டாவது முறை சோறு வாங்கினோம். சட்டி காலி. மேட்ரன் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பண்ருட்டிக்குப் பக்கத்தில் அண்ணாகிராமத்தில் இருந்த அக்காவின் அப்பாவுக்கு போன் போட்டார்.

"ஒங்க பொண்ணுக்கு சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. இல்லாட்டி வேற ஹாஸ்டல் பாருங்க. ரெண்டுல ஒண்ணு."

அக்காவின் அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உண்டு. அவற்றைவிட அதிகமாக இந்தப் பெண்ணைப் பற்றிய கவலை உண்டு. மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. வந்தவர்களையெல்லாம் அக்காதான் ஓட்டிவிட்டார். தனியாகப் பேசச் சொன்னால், எதிரில் உட்கார்ந்தவரிடம் அந்த எட்டு லிட்டர் உப்புத் தண்ணீர்க் கணக்கைக் கேட்டுவிடுவார். சாஃப்ட்வேர் மாப்பிள்ளை போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். சிங்கப்பூர் மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "பாதிப் பாதின்னா இருபது பர்சென்ட்தான்டி வரும்! வாழ்நாள் பூரா அவன் கூட எப்டி?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

இப்போது காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் வயது எக்ஸ்தான். "இந்த எடமும் போனா நான் இனிமே எவன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். பெண் பார்ப்பது சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பின்னால் இருந்த சித்தி வீட்டில் என்று ஏற்பாடு. என்னையும் கூட வரச் சொன்னார்கள். சித்தி போனில் எனக்குத் தனியாகவே உத்தரவு போட்டார். "நீ பக்கத்துலயே ஒக்காந்துக்க. பர்சென்ட்டு, எக்ஸு, கலவைன்னு வாயத் தொறந்தான்னா தொடையில ஒரு கிள்ளு."

பஸ்ஸில் சவுக்குத் தோப்புகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா, ஆலப்பாக்கம் தாண்டியதும் திடீரென்று சொன்னார். "இன்னிக்கு வாயே தொறக்கப் போறதில்லடி. எனக்கும் ஆசையில்லன்னு நெனச்சியா? தனியா டீ குடிச்சுக் குடிச்சு அலுத்துப் போச்சு."

"நான் தெனமும் கூடத்தானக்கா வரேன்?" எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"நாளைக்கே ஒனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா?"

கிள்ளுவதென்றால் மெதுவாகத்தான் கிள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சித்தி வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அமைதியான ஆள். சட்டை மடிப்பில் மட்டும் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது. அவருடைய அம்மா சுறுசுறுப்பானவர், எதையும் நேராகக் கேட்பவர். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பெரிய மீசை, அதைவிடப் பெரிய சர்க்கரை வியாதி. உட்கார்ந்ததுமே மனைவி அறிவித்துவிட்டார். "இவருக்கு மட்டும் சக்கர இல்லாம. ஒரு துளி கூடாது." பெரியவர் மீசையைத் தடவியபடி, துறவி மாதிரி தலையாட்டினார்.

அக்கா பட்டுப்புடவையில், குனிந்த தலையோடு, உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில், விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு.

"என்னா வேல பாக்குறம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்தார்.

"ஒரு சென்டர்ல சொல்லிக் குடுக்குறேன் அத்த."

"என்னா சொல்லிக் குடுக்குற?"

அக்கா என்னைப் பார்த்தார். கலவை என்று சொல்லக் கூடாது. பொய்யும் வராது. யோசித்து, ஆங்கிலத்தில் சொன்னால் கணக்கில் வராது என்று முடிவு செய்து, "மிக்சர்" என்றார்.

அந்தம்மாவின் கண்கள் எதிரே தட்டில் இருந்த மிக்சருக்குப் போயின. சித்தி முந்திரிப் பருப்பும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போட்டுச் செய்தது. ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்குது. இதச் சொல்லிக் குடுக்க ஒரு சென்டரா? எத்தன பேரு வராங்க?"

"ஒரு பேட்சுக்கு அம்பது பேரு. காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச்."

"அடேங்கப்பா! ஒரு பேட்ச்சுன்னா எத்தன கிலோ?"

"கிலோ இல்ல அத்த, லிட்டர்லதான் ஜாஸ்தி."

"எண்ணெயச் சொல்றா" என்று அந்தம்மா கணவருக்கு விளக்கினார். "கத்துக்கிட்டவங்கள்லாம் கட போட்டுருக்காங்களா?"

"இல்ல அத்த, நெறைய பேரு பேங்க்ல சேந்துட்டாங்க."

மிக்சர் போடக் கற்றுக்கொண்டு எப்படி வங்கியில் சேருகிறார்கள் என்று கூடமே யோசித்தது. சித்தி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிள்ளுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அக்கா இதுவரை ஒரு விதியையும் மீறவில்லை.

அப்போதுதான் காபி வந்தது. எல்லோருக்கும் சர்க்கரை போட்ட காபி, ஒரு டம்ளர் மட்டும் சர்க்கரை போடாதது. மேற்கொண்டு வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ள, சர்க்கரை போட்ட காபி ஒரு ஜக்கில். சித்தி அந்த ஜக்கை, விதியின் விளையாட்டாக, பெரியவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா மிக்சர் விசாரணையில் மும்முரமாக இருந்தார். பெரியவர் தன் டம்ளரில் பாதியைக் குடித்தார். அப்புறம் பூனை மாதிரி கையை நீட்டி, ஜக்கிலிருந்து டம்ளரை நிரப்பிக்கொண்டார்.

அக்காவின் உடம்பு விறைத்தது. ஜக்கில் இருப்பது எட்டு பர்சென்ட் சர்க்கரை என்று, கூடத்துக்கு வருமுன் சித்தி காபியைக் கலந்தபோதே தெரிந்து வைத்திருந்தார். "நாலு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினார். நான் லேசாகக் கிள்ளினேன்.

பெரியவர் மறுபடி பாதியைக் குடித்தார். மறுபடி நிரப்பினார்.

"ஆறு" என்றார் அக்கா. நெற்றியில் வியர்வை. நான் பலமாகக் கிள்ளினேன். அக்காவின் அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்து, எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பெரியவர் மூன்றாம் முறையும் பாதியைக் குடித்துவிட்டு நிரப்பினார். மீசையில் நுரை. முகத்தில் தவம் முடிந்த சாந்தம். டம்ளரை உதட்டுக்குக் கொண்டு போனார்.

"மாமா, வேணாம்!" அக்கா எழுந்தே விட்டார். "அதுல இப்ப ஏழு பர்சென்ட் சக்கர இருக்கு!"

கூடத்தில் அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். மாப்பிள்ளையின் அம்மா ஜக்கைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "ஒரு துளி கூடாதுன்னு டாக்டரு தலயில அடிச்சிக்கிட்டாரே!" என்று ஆரம்பித்தவர், மில்லில் ஒளித்து வைத்த கடலை மிட்டாய், பக்கத்து வீட்டு வளைகாப்பில் தின்ற ஜாங்கிரி என்று பழைய வழக்குகளையெல்லாம் வெளியே எடுத்தார். "நான் நிறுத்தத்தான் போனேன், இந்தப் பொண்ணு அதுக்குள்ள கத்திட்டா" என்றார் பெரியவர். அக்காவின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தி என்னைப் பார்த்த பார்வையில், கிள்ளத் தெரியாதவளை ஏன் கூப்பிட்டேன் என்று இருந்தது.

மாப்பிள்ளைதான் எழுந்தார். "நான் அவுங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டார்.

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூவரும் நின்றோம். எல்லாம் போனது என்று முடிவு செய்துவிட்ட அக்கா, போகும்போது கணக்கையாவது கேட்டுவிடுவோம் என்று கேட்டே விட்டார். பத்து பர்சென்ட், முப்பது பர்சென்ட், எட்டு லிட்டர். மாப்பிள்ளை கவனமாகக் கேட்டுக்கொண்டார். போனை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கலாமா? எட்டு லிட்டரு உப்புத் தண்ணி எதுக்கு?"

அக்கா வாயைத் திறந்தார். மூடினார்.

"ஊறுகாய்க்கா, கருவாட்டுக்கா, வெத நெல்லு பதர் பாக்கவா? அவ்ளோ தண்ணிய யாருக்குக் கலக்குறீங்க?"

"அது... புஸ்தகத்துல போடல."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல" என்றார் அக்கா, மிகச் சின்னக் குரலில். இத்தனை வருஷத்தில் அவரிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. மாப்பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு முடிவும் சொல்லாமல், அம்மாவையும் அப்பாவையும் பிரித்துத் தனித்தனி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கடலூர் வரைக்கும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். "எதுக்குடி அந்த எட்டு லிட்டரு?" நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

மறுநாள் காலையில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து அக்காவின் அப்பாவுக்கு போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அம்மா. "எங்களுக்கு அந்தப் பொண்ணுதான் வேணும். நான் இருவத்தி நாலு மணி நேரமும் இவரு பின்னாடியே சுத்த முடியல. அவ தூரத்துல இருந்தே கண்டுபுடிக்கிறா!" பின்னணியில் பெரியவரின் குரலும் கேட்டதாம். "அந்தப் பொண்ணு உள்ள வந்தா நான் வடலூருக்குப் போயி சாமியாரா ஒக்காந்துக்குவேன்!" அதற்கு மனைவி, "போங்க, அங்க ஜக்குல காபி வைக்க மாட்டாங்க" என்றாராம்.

மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று அக்கா கேட்கச் சொன்னார். அவர் முந்தின ராத்திரியே அந்தக் கணக்கைத் தவிட்டு மூட்டையின் மேல் சாக்பீஸால் போட்டுப் பார்த்து, விடை வராமல், "அவுங்களே வந்து சொல்லிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாராம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லிக் குடுக்குறேன்னு சொல்லிடுங்கப்பா" என்றார் போனில்.

கல்யாணத்துக்கு ஹாஸ்டல் முழுக்க வேன் பிடித்துப் போனோம். மேட்ரன் அம்மாவும் வந்தார். பந்தியில் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தவர், இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மணமேடைக்குப் போய், மணமகளின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார். "ஏன்டி, இங்க எத்தன பர்சென்ட்?" "ஒம்பது" என்றார் அக்கா. "நம்ம ஹாஸ்டல்ல போன மாசம் பத்து வந்துச்சு" என்று சொல்லும்போது மேட்ரன் அம்மாவின் குரல் தழுதழுத்தது.

எனக்கு அக்கா சொன்னபடியே டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. போன மழைக் காலத்தில்தான் சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். வீராணம் ஏரி நிரம்பியிருந்தது. மில்லுக்குப் பின்னாலேயே வீடு. அக்கா கொஞ்சம் சதை போட்டிருந்தார். மில்லில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கலவைக் கணக்கு எடுக்கிறாராம். முதலில் 'எதுக்கு' என்று கேட்டுவிட்டுத்தான் 'எவ்வளவு' என்று கேட்க வேண்டும் என்பது வகுப்பில் சட்டம்.

காபி கொண்டுவந்தார். கூடவே ஒரு ஜக். ஒரு வாய் குடித்தேன். தித்திப்பே இல்லை.

"இப்ப வர்ற சக்கரயே சரியில்லம்மா" என்றார் மாமியார், டம்ளரைக் கவலையோடு பார்த்து. "மருமவ கொட்டிக் கொட்டித்தான் போடுறா. இனிக்கவே மாட்டேங்குது."

சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் அக்கா ரகசியத்தைச் சொன்னார். மாமனாரை எத்தனை நாள் கத்தித் தடுப்பது? ஒளிந்து ஊற்றிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அதையும் பிடுங்க மனசு வரவில்லை. அதனால் ஜக்கில் கை வைத்துவிட்டார். "எட்டுல இருந்து ஏழர, அப்பறம் ஏழு. கொஞ்சங் கொஞ்சமா எறக்கினேன். ஒரேடியா கொறச்சா கண்டுபுடிச்சிடுவாரு. இப்ப ஜக்குலயே ரெண்டுதான்டி. அவரு டம்ளர்ல சைபரு. எத்தன தடவ வேணா ஊத்திக்கட்டும், ரெண்ட தாண்டவே தாண்டாது!" வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர்தான். அதற்காக வீடு மொத்தமும் கசப்புக் காபி குடித்துக்கொண்டிருந்தது.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது பெரியவர் மட்டும் இருந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஜக்கை எடுத்துத் தன் டம்ளரை நிரப்பினார். தலை நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்போல் இல்லை. கிட்டே வரும்படி விரலால் கூப்பிட்டார்.

"இதுல சக்கரயே இல்ல பாப்பா. எனக்குத் தெரியும்" என்றார் மெல்லிய குரலில்.

"அப்பறம் எதுக்கு மாமா ஊத்துறீங்க?"

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் நிறுத்திட்டா, பாவம், அந்தப் பொண்ணு போட்ட கணக்கு வீணாப் போயிடும்ல?" என்று சொல்லிவிட்டு, முகத்தில் திருட்டுச் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு, மீசை நனைய ஒரு வாய் குடித்தார். அதே நேரம் கதவிடுக்கில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது. அதில் ஜெயித்த சிரிப்பு.

எக்ஸ் அக்காவுக்கு இது இன்றுவரை தெரியாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து வாயைத் திறந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் காபி கொடுத்தால், நன்றாக இனிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.